பூஜையில் வைத்த மின்சார யந்திரம்

பாடம் நடத்துவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. நடத்தி முடித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறோமே, அதுதான் உயிர் போகிற வேலை.

எங்கள் பக்கத்து உபாத்தியாயர் சங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்ட நாளாகப் பார்த்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வாத்தியார்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். ஒருவர் மேடையேறி மாதிரிப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பெஞ்சில் பையன்கள் மாதிரி உட்கார்ந்து கேட்பார்கள். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும். நடத்தினவன் கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகை ஓரமாக நிற்க வேண்டும். பதில் பேசக் கூடாது. நியாயமான குறையோ அநியாயமான குறையோ, விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். அறிக்கையில் இதற்குக் கௌரவமாக விமர்சனம் என்று பெயர். எங்களுக்குள் வைத்த பெயர் குறை மணி.

அந்தத் தடவை நடத்துகிறவன் நான். பாடம் பௌதிகம். கேட்க வருகிறவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்.

ராஜபாளையத்தில் எங்கள் பள்ளிக்கூடம் மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். நாலாம் பாரம் படிக்கிற ஆசை உள்ள பையன் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். நாலாம் பாரம் திறக்க அனுமதி கேட்டால், பௌதிகம் நடத்த ஆள் உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உண்டு என்று எங்கள் ஹெட்மாஸ்டர் என்னைக் காட்டினார். அப்படியானால் சங்கத்தில் எல்லார் முன்னாலும் ஒரு பாடம் நடத்தட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் அவர். தேறினால் பள்ளிக்கூடத்துக்கு வகுப்பு, எனக்கு வேலை. தேறாவிட்டால் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. நான் அதற்காகவே தற்காலிகமாக எடுத்த ஆக்டிங் ஆள்.

வேலை இல்லை என்றால் எங்கே போவேன் என்பதில் சந்தேகமே கிடையாது. சேத்தூரில் எங்கப்பா எனக்காக ஒரு வயலையும் ஒரு ஜோடி மாட்டையும் தயாராக வைத்திருந்தார். மதுரையில் எப்.ஏ. படித்தவன் என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "எப்.ஏ. படிச்சவனக் கண்டா மாடு ஏறெடுத்துப் பாக்காதோ?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சில்லை.

பாடத்தைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. எடுத்துக்கொண்டது உராய்வு மின்சாரம். காலேஜில் அந்த யந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவதற்கு புரொபசர் எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார். பெரிய கண்ணாடி வட்டு ஒன்று. கைப்பிடியைச் சுற்றினால் அது இரண்டு தோல் மெத்தைகளுக்கு நடுவே உரசிக்கொண்டு ஓடும். உரசலில் பிறக்கிற மின்சாரம் பக்கத்தில் உள்ள பித்தளை உருளையில் சேரும். உருளை தரையைத் தொடாதபடி இரண்டு கண்ணாடிக் கால்கள் மேல் நிற்கும். விரலைக் கிட்டே கொண்டுபோனால் சட்டென்று ஒரு பொறி பறக்கும். மதுரை வெயிலில் அது ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. என் கைராசி என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் யந்திரம் கிடையாது. கூட்டம் நடக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்று இருந்தது. முந்தின நாளே போய் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிடலாம் என்று நானும் ஹெட்மாஸ்டரும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினோம். முந்தின நாள் என்பது சரஸ்வதி பூஜை. கூட்டத்தை விஜயதசமி அன்று வைத்திருந்தார்கள், கல்விக்கு நல்ல நாளாம். நல்ல நாள் என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் சாம்பிராணிப் புகை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அதற்கு மேலே, கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்த மாதிரி, மின்சார யந்திரம். வட்டில் ஒரு மாலை. உருளையில் சந்தனம், குங்குமம். பீடத்தில் சந்தனம். கண்ணாடிக் கால்களில் மேலிருந்து கீழ்வரை மூன்று மூன்று பொட்டு. உற்சவத்துக்கு நிற்கிற யானை தோற்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெட்மாஸ்டர் என் தொடையைக் கிள்ளினார்.

பூஜை செய்தவர் அந்தப் பள்ளிக்கூடத்துப் பௌதிக மாஸ்டர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தலைப்பாகை கலையாது, குரல் உயராது. யந்திரம் இருக்கிற அலமாரிச் சாவி அவர் பூணூலில்தான் தொங்கும். நாளைக்கு இதில்தான் பாடம், இப்போது ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

பூஜையில் ஏறினதைத் தொடக் கூடாது என்றார். நாளைக் காலையில் புனர்பூஜை ஆன பிறகுதான் எடுக்கலாமாம்.

"புனர்பூஜை முடியுறப்ப இன்ஸ்பெக்டர் முன்னால உக்காந்திருப்பாரு. அப்ப நான் எப்பப் பாக்கிறது?"

"அது என் கையில இல்லையே, தம்பி."

"கையிலதான இருக்கு, சாவி."

அவர் கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். எங்கள் ஹெட்மாஸ்டருக்குப் பதற்றம் வந்தால் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிடும். என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் வீட்டுப் பாஷையில் நாலு வார்த்தை திட்டினார். எனக்குத் தெரிந்த தெலுங்குக்குப் புரிந்தது ஒன்றுதான்: பத்ரம். ஜாக்கிரதை. அன்றைக்கு அதையே எத்தனை தடவை சொன்னாரோ.

சாயங்காலம் நான் விடவில்லை. ரத வீதியில் பௌதிக மாஸ்டர் நடந்து போகும்போது கூடவே ஒட்டிக்கொண்டேன். யந்திரத்தில் பொறி எவ்வளவு நீளம் வரும் என்று கேட்டேன். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு வரும் என்றார். தோல் மெத்தைக்கு என்ன பூசுவீர்கள் என்று கேட்டேன். பார்க்க வேண்டும் என்றார். கடைசியாக எந்த வகுப்பில் சுற்றினீர்கள் என்று கேட்டேன். கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

எனக்குப் படக்கென்று ஒன்று தோன்றியது. ராஜபாளையத்தில் நாலாம் பாரம் வந்தால் இவர் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகிவிடும். அதற்காக யந்திரத்தை ஏதோ பண்ணி வைத்திருக்கிறார். பூஜை சாக்கு. இதை ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தெலுங்கில்கூடப் பேசவில்லை. அது இன்னும் மோசம்.

விடிகிறபோது மழை. ஐப்பசி மழை, நின்று நிதானமாகப் பெய்வது. ஈரக் காற்றில் உராய்வு மின்சாரம் சண்டித்தனம் பண்ணும் என்று புத்தகத்தில் ஒரு மூலையில் போட்டிருக்கும். மதுரையில் அந்த வரியை நான் தாண்டிப் போயிருந்தேன். அன்றைக்கு அந்த வரிதான் கண் முன்னால் நின்றது.

இன்ஸ்பெக்டர் வரவில்லை. கிருஷ்ணன்கோவில் பக்கம் அவர் வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது என்று ஒரு ஆள் நனைந்துகொண்டு வந்து சொன்னான். கூட்டம் தள்ளிப் போகும் என்று பெஞ்சில் பேச்சு ஓடியது. மனசுக்குள் எனக்கு ஒரு குளிர்ச்சி. புனர்பூஜை முடிந்தவுடன் யாரும் இல்லாமல் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும், யந்திரத்தை மடக்கிவிடுவேன்.

பௌதிக மாஸ்டர் அவசரமே இல்லாமல் புனர்பூஜை செய்தார். பழைய சந்தனம் காய்ந்துவிட்டது என்று புதிதாகக் குழைத்து அதே இடங்களில் வைத்தார். தீர்த்தம் தெளித்தார். மாலையைக் கழற்றினார். யந்திரத்தைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் தூக்கி மேடையில் வைத்தார். நான் கைப்பிடியில் கை வைக்கவும், வாசலில் வண்டி மணி கேட்கவும் சரியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் முழங்கால் வரை சேற்றோடு இறங்கினார். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், உடனே தொடங்கலாம் என்றார். மன்னிக்க நான் யார்.

பாடம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. பட்டுத் துணியில் தேய்த்த சீப்பு எப்படிக் காகிதத் துண்டை இழுக்கிறது, மின்சாரம் எதன் வழியாக ஓடும், எதன் வழியாக ஓடாது என்று ஜோராகச் சொல்லிக்கொண்டு போனேன். கண்ணாடி வழியாக ஓடாது, அதனால்தான் உருளைக்குக் கண்ணாடிக் கால் என்று நானே என் வாயால் சொன்னேன். இப்போது பாருங்கள் என்று கைப்பிடியைச் சுற்றினேன். வட்டு கடகடவென்று ஓடியது. விரலை நீட்டினேன்.

ஒன்றும் இல்லை.

இன்னும் வேகமாகச் சுற்றினேன். விரலைத் தொடுகிற அளவுக்குக் கொண்டுபோனேன். தொட்டும்விட்டேன். அடுக்களைச் செம்பைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

முன் பெஞ்சில் சாத்தூர் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியார், குறை மணியில் பேர் போன ஆள். பக்கத்தில் இருந்தவரிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பொறி சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியாய்யா?" என்றார். பெஞ்சு குலுங்கியது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கடிகாரத்தை எடுத்துப் பார்த்து மூடினார். அந்த மூடுகிற சத்தம் மட்டும் பொறி மாதிரி சட்டென்று கேட்டது.

ஈரம்தான் காரணம் என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டருக்குக் காப்பி சூடாக இருக்க வராந்தாவில் வைத்திருந்த கும்முட்டி அடுப்பை நானே தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தேன். கரி நன்றாகக் கனிந்திருந்தது. வட்டையும் மெத்தையையும் அந்தச் சூட்டில் காட்டினேன். எங்கள் ஹெட்மாஸ்டர் மூலையில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை, ஆனால் என்ன வார்த்தை என்று தெரியும். திரும்பச் சுற்றினேன். வட்டு சூடாகிவிட்டது. மெத்தை உலர்ந்துவிட்டது. பொறி இல்லை.

காதுக்குள் வியர்வை இறங்குவது தெரிந்தது. பௌதிக மாஸ்டரைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டவனைப் பார்க்கிற சந்தோஷம் அந்த முகத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. மனுஷர் என்னைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தார். கண் யந்திரத்தின் மேலேயே இருந்தது.

அவர் கண் போன இடத்தை நானும் பார்த்தேன். கண்ணாடிக் கால்கள். புதுச் சந்தனம். தீர்த்தம் பட்டுக் கரைந்து, பொட்டோடு பொட்டு சேர்ந்து, உருளையிலிருந்து பீடம் வரைக்கும் மஞ்சள் கோடாக வழிந்திருந்தது. கண்ணாடி வழியாக மின்சாரம் ஓடாது. ஈரச் சந்தனம் வழியாக ஓடாமல் என்ன செய்யும்? நான் சுற்றச் சுற்ற, சேர்வதெல்லாம் அந்தக் கோடு வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு மூச்சுதான். அடுத்த மூச்சில் மற்றது உறைத்தது. துடைக்க வேண்டும். விஜயதசமி அன்று, சரஸ்வதி படம் பார்த்துக்கொண்டிருக்க, இத்தனை வாத்தியார்கள் முன்னால், சற்று முன் வைத்த பொட்டை நான் அழிக்க வேண்டும். ஏற்கெனவே குடுமி இல்லாத என் கிராப்புத் தலையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அந்தப் பெஞ்சில் பாதிப் பேர். துடைக்காவிட்டால் சேத்தூர் மாடு.

அங்கவஸ்திரத்தை அடுப்புச் சூட்டில் காட்டினேன். இரண்டு கால்களையும் அழுத்தித் துடைத்தேன். மஞ்சளும் சிவப்புமாகத் துணியில் வந்தது. பெஞ்சில் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ "சிவ சிவா" என்றார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. சுற்றினேன். விரலை நீட்டினேன்.

சட்டென்று வந்தது. நீலமாக, நறுக்கென்று, நகக்கண்ணில் குத்திக்கொண்டு. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, வலியில் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். தன் விரலை நீட்டினார். அவருக்கும் சட்டென்று விழுந்தது. முகம் மாறாமல் போய் உட்கார்ந்தார். பாடத்தை முடித்தேன். கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகை ஓரமாக நின்றேன். குறை மணி ஆரம்பமானது.

முதலில் எழுந்தவர் நான் பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டினேன் என்றார். முகத்தை வகுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது என்று கேட்க முடியவில்லை. இன்னொருவர் வேகமாகப் பேசுகிறேன் என்றார். இன்னொருவர் என் கிராப்பைப் பற்றிச் சொன்னார், அது பௌதிகத்துக்கு எப்படிக் குறை என்று சொல்லவில்லை. விழுங்கினேன். எல்லாரும் பெரிய குறைக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதை யார் தொடப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

சாத்தூர் மாஸ்டர் எழுந்தார். கிண்டல் குரலை விட்டுவிட்டு மெதுவாகப் பேசினார்.

"பொறி வந்துது. இல்லைன்னு சொல்லல. ஆனா நாளைக்கு இவருகிட்டப் படிக்கிற பய வீட்டுக்குப் போயி, சாமி படத்துப் பொட்டத் தொடச்சிட்டு, எங்க வாத்தியாரு தொடச்சாரேன்னு சொல்லுவான். அவன அடிக்க வாற அப்பனுக்கு யாருய்யா பதில் சொல்லுறது? நாலாம் பாரத்துக்குப் பிள்ளைய யாரு அனுப்புவா?"

பெஞ்சில் தலைகள் ஆடின. எனக்குச் சுர்ரென்று ஏறியது, ஆனால் உள்ளுக்குள் தெரிந்தது, மனுஷர் சும்மா குத்தவில்லை. ராஜபாளையத்தில் பிள்ளை அனுப்புகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்கும் தெரியும். பூஜையைக் கலைத்த வாத்தியார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் பள்ளிக்கூடம் நிற்காது. இன்ஸ்பெக்டர் முகவாயைத் தடவிக்கொண்டு, "அது யோசிக்க வேண்டிய குறைதான்" என்றார். எங்கள் ஹெட்மாஸ்டர் சுவரோடு சாய்ந்துவிட்டார். அந்தக் கணத்தில் நான் மாட்டின் கயிற்றைக் கையில் பிடித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கடைசி ஆள் பௌதிக மாஸ்டர். எழுந்து நின்றார். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பூஜையை அழித்தான் என்று. மரியாதையான ஆள், எல்லாரும் நம்புவார்கள்.

"அந்தப் பொட்டு நான் வச்சது" என்றார். "இந்த யந்திரம் வந்த வருசத்துலேர்ந்து நான்தான் வைக்கேன், வச்சதத் தொடச்சது கெடையாது. வந்த வருசத்துலேர்ந்து இதுல நான் பொறியப் பாத்ததும் இல்ல. மழைன்னு நெனச்சேன். சீமையிலேர்ந்து வாறப்பவே பழுதுன்னு நெனச்சேன். பையங்ககிட்டப் பொறி வரும்னு எழுதிக்கிடுங்கடான்னு சொல்லிட்டு அலமாரியப் பூட்டிருவேன். நேத்து இவரு கேட்டப்பவும் அதான் பயந்தேன்."

 நான் நேற்று சாயங்காலம் கட்டின கோட்டை முழுக்கச் சரிந்துவிட்டது.

"இவரு குறை ஒண்ணு இருக்கு" என்றார் தொடர்ந்து. "அடுப்புலயும் காட்டினாரு, சந்தனத்தையும் தொடச்சாரு. பொறி எதனால வந்துது? சூட்டுனாலயா, பொட்டுப் போனதுனாலயா? ரெண்டையும் சேத்துச் செஞ்சா எப்பிடித் தெரியும்? அத அவரு சொல்லல. எனக்குத் தெரியணும்."

அடப்பாவி, சரியான குறை. அத்தனை குறையிலும் பௌதிகத்தில் சொன்ன குறை அது ஒன்றுதான். எனக்குப் பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். நடத்தினவர் பேசக் கூடாது, அதுதான் முறை என்றார்.

"அவரு பேச வேண்டாம். யந்திரம் சொல்லட்டும்" என்று பௌதிக மாஸ்டர் மேடை ஏறினார்.

முதலில் சரஸ்வதி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு. சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துக் கண்ணாடிக் கால்களில் முன்போலவே மேலிருந்து கீழே இழுத்தார். அடுப்பு அங்கேயே எரியட்டும், தள்ள வேண்டாம் என்று என்னைக் கண்ணால் தடுத்தார். என்னைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். சூடு இருந்தது. அவர் விரலை நீட்டினார். ஒன்றும் இல்லை. பெஞ்சில் எல்லாரும் முன்னால் சாய்ந்திருந்தார்கள். சாத்தூர் மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

பௌதிக மாஸ்டர் தன் அங்கவஸ்திரத்தால், தன் கையாலேயே, அந்தச் சந்தனத்தைத் துடைத்தார். என்னைப் போல அழுத்தி இல்லை. நெற்றியைத் துடைக்கிற மாதிரி. நான் சுற்றினேன். அவர் விரலை நீட்டினார்.

சட்டென்று வந்தது.

கையை உதறிக்கொண்டு அந்த விரலையே பார்த்தார். அவர் யந்திரம், அவர் அலமாரி, அவர் முதல் பொறி. முகம் கோணிக்கொண்டு வந்தது, சிரிப்பா என்னவென்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் முடிந்தது என்று நான் கைப்பிடியை விட்டேன். விடாதே என்றார். கிண்ணத்தை மறுபடி எடுத்து, இந்தத் தடவை கீழே மரப் பீடத்தில், பெரிதாக, வட்டமாக ஒரு பொட்டு வைத்தார். மேலே குங்குமம். சுற்று என்றார். சுற்றினேன். பொறி வந்தது. அதே நீலம், அதே நறுக்.

அவர் சாத்தூர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "அப்பன் வந்தான்னா இதச் சொல்லும், வேய். பொட்டு வைக்கலாமா வைக்கக் கூடாதான்னு இல்ல. எங்க வைக்கணும்னுதான்."

சாத்தூர் மாஸ்டர் உட்காரவில்லை. மேடைக்கு வந்து, "எனக்கும் ஒண்ணு விழட்டும்" என்று விரலை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. என் கை ஓய்ந்துபோகிற வரைக்கும் சுற்றினேன். பொறி விழுகிறபோதெல்லாம் கிழட்டு வாத்தியார்கள் பையன்கள் மாதிரி துள்ளினார்கள். குறை மணி எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் கிளம்புகிறபோதுதான் வாயைத் திறந்தார். எங்கள் ஹெட்மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார், நான் அவர் பின்னால். நாலாம் பாரம் திறந்துகொள்ளுங்கள் என்றார். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். இன்றைக்கு நடந்தது ஒரு பாடம்தான், ஆனால் நடத்தியது இரண்டு பேர். ராஜபாளையத்துக்குச் சொந்த யந்திரம் வருகிற வரைக்கும் சனிக்கிழமை தோறும் உங்கள் பையன்கள் இங்கே வர வேண்டும். இந்தப் பள்ளிக்கூடத்துப் பௌதிக மாஸ்டரும் கூட நின்று நடத்த வேண்டும். என்னைப் பார்த்து, "உமக்கு வேகம் இருக்கு. நிறுத்திக் கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும்" என்றார்.

கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தீர்மானிப்பதற்குள் வண்டி போய்விட்டது. ஹெட்மாஸ்டர் சேற்றிலேயே நின்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருக்குத் தமிழ் திரும்பி வந்திருந்தது. "ஏலே, கொன்னுட்டியேடா என்னைய" என்றார்.

பௌதிக மாஸ்டர் யந்திரத்தைத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நான் நினைத்தது எதையும் சொல்லவில்லை. வாரேன் என்று மட்டும் சொன்னேன். பூட்டப் போனவர் நின்று, சாவியைப் பூணூலிலிருந்து அவிழ்த்து, அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். "சனிக்கெழம நீ வெள்ளன வந்துட்டன்னா என்னைய எதிர்பாக்க வேண்டாம்" என்றார். தம்பி என்று நேற்றுக் கூப்பிட்டதைவிட அந்த நீ எனக்குப் பிடித்திருந்தது.

ராஜபாளையம் வந்ததும் முதல் வேலையாகச் சேத்தூருக்குப் போகிற ஆளிடம் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வேலை நிலைத்துவிட்டது, மாட்டை விற்றுக்கொள்ளலாம் என்று. அந்த ஆளிடம் நடந்ததெல்லாம் சந்தனத்திலிருந்து பொறி வரைக்கும் விவரமாகச் சொன்னேன், அப்பாவும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்று.

மறுநாள் அதே ஆள் பதிலோடு வந்தான்.

"மாடு நிக்கட்டும்னாரு. அடுத்த சரஸ்வதி பூஜ முடியட்டும், பாத்துக்கிடுவோம்னு சொல்லச் சொன்னாரு."